ரொசிலிக்குக் கிளம்பும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

வேல்ஸிலுள்ள ஸ்வான்சீக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து இறங்கியதும், வெயிலடிக்கும் முதல் ஞாயிறன்று எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "கௌவர் போயிட்டு வாங்க." ஊரை ஒட்டியே இருக்கும் தீபகற்பம்; தாராளமாகப் போங்கள். இயற்கை எழிலுக்கென்று பிரிட்டன் பாதுகாக்கும் பகுதிகளின் பட்டியலில் 1956-இல் முதலாவதாக ஏறியது அதுதான். பஸ் உண்டு, பார்க்கிங்குக்குக் காசு, ஜூலையிலும் மழைக்கோட்டு. மிச்சத்தை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

நான் சொல்ல வந்தது வோர்ம்ஸ் ஹெட் பற்றி. கௌவரிலுள்ள ரொசிலி என்ற ஊரின் கோடியில், பாம்பு படுத்திருப்பதுபோல் கடலுக்குள் நீளும் பாறைத் தீவு. கடல் வற்றும்போது பாறைகள் மேலேயே நடந்து போய்விடலாம். முழுசாக வற்றும் நேரத்துக்கு முன்னால் இரண்டரை மணி நேரம், பின்னால் இரண்டரை மணி நேரம். அதற்கு மேல் வழி கிடையாது.

நான் தூத்துக்குடிக்காரன். கடலைப் பற்றி எனக்கு எவன் சொல்வது என்ற திமிர் உண்டு. ஆனால் நம் ஊரில் ஏற்றமும் வற்றமும் ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 8 மீட்டரைத் தாண்டும்; இரண்டு மாடி வீட்டு உயரம்.

கடல் ஏறி வற்றும் நேரத்தைச் சொல்லும் அச்சடித்த ஓத அட்டவணைகள் பல கிரீன்விச் நேரத்தில் இருக்கும், கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பதால் ஒரு மணி கூட்டிக்கொள் என்று நண்பர் சொல்லியிருந்தார். சரிதான். ஆனால் நான் பார்த்தது போன் ஆப். அது ஏற்கெனவே கூட்டிவைத்திருந்தது! முழுசாக வற்றும் நேரம் 12.40 என்றிருந்ததை 1.40 ஆக்கி, 4.10 வரை நேரமிருக்கிறதென்று புளிசாதத்தோடு கிளம்பினேன். உண்மையில் 3.10-க்கே வழி அடைபடும். "என்னங்க, அங்க போர்டுல நேரம் போட்டிருக்கு, பாத்துட்டுப் போவமா?" என்றாள் மனைவி. "எல்லாம் பாத்தாச்சு, நீ வா."

3.35-க்குத் திரும்பி வந்தால், நடந்து வந்த பாறைகளைக் காணோம். இரண்டு பக்கத்திலிருந்தும் தண்ணீர் வந்து நடுவில் மோதிச் சுழித்துக்கொண்டிருந்தது. முழங்கால் அளவுதான் என்று தோன்றியது. சின்னவனைத் தோளில் ஏற்றி, ஷூவைக்கூடக் கழற்றிவிட்டேன். மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்தவள் விடவேயில்லை. காலர் கிழிந்தது.

இறங்காதீர்கள். அந்த இழுப்பில் நிற்க முடியாது. மேட்டில் உட்கார்ந்து அவசர எண் 999 அடித்து, கோஸ்ட்கார்டு (கடலோரக் காவல்) வேண்டும் என்று சொல்லுங்கள். நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டோம்; லைஃப்போட் என்ற மீட்புப் படகு வந்தது. வந்தவர்கள் தன்னார்வலர்கள்; காசும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. படகு வராவிட்டால் ராத்திரி பத்தரைவரை அந்தக் காற்றில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்வான்சீயிலேயே பிறந்த கவிஞர் டிலன் தாமஸும் சின்ன வயதில் இங்கே மாட்டிக்கொண்டவர்தானாம். எனக்கு அதில் ஒரு அற்ப ஆறுதல்.

அடுத்த வாரம், மனைவி நேர்ந்துகொண்டபடி கார்மார்தன்ஷயரில் ஸ்கந்த வேல் முருகன் கோயிலுக்குப் போனோம். போவதற்குச் சில நாள் முன்பிருந்தே கறி, மீன், முட்டை கூடாது. அதை இந்த முறை அவளே படித்துவிட்டுச் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை.