ரக்பி பார்க்கத் தொடங்குகிறீர்களா? இந்தச் சொற்களை இந்த வரிசையில் பழகுங்கள்

இங்கே சொல்வது அணிக்கு 15 பேர் ஆடும் ரக்பி யூனியன். 40 நிமிடம் வீதம் இரண்டு பாதி. உதாரணத்துக்கு 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்வோம்: தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11. வீடியோ கிடைத்தால் ஓடவிட்டபடியே படியுங்கள்.

படி 1: புள்ளிகள்

எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தி வைத்தால் ட்ரை, 5 புள்ளி. அதன்பின் பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பத்துக்கு மேலே அனுப்பினால் கன்வர்ஷன், இன்னும் 2. பந்து வைத்த இடத்துக்கு நேர் பின்னாலிருந்துதான் கன்வர்ஷனை உதைக்க வேண்டும். அதனால் ஓரத்தில் விழும் ட்ரைக்குக் கூடுதல் புள்ளி எடுப்பது கடினம். இந்த இறுதிப் போட்டியில் நியூசிலாந்தின் பியூடன் பாரெட் இடது ஓரத்தில் ட்ரை வைத்தார். அவர் அணியின் மொவுங்கா உதைத்த கன்வர்ஷன் தவறியது. அது உள்ளே போயிருந்தால் நியூசிலாந்து முன்னே போயிருக்கும்.

எதிரணியின் பெரிய தவறுக்காகக் கிடைக்கும் பெனால்டி உதைக்கு 3, ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் குதிக்கவிட்டு உதைக்கும் டிராப் கோலுக்கும் 3. தென்னாப்பிரிக்கா ஒரு ட்ரைகூட வைக்கவில்லை. பொல்லார்டின் நான்கு பெனால்டிகளே அந்த 12.

படி 2: பந்தின் திசை

உதைத்து முன்னால் அனுப்பலாம், கையால் எறியக்கூடாது. எறிந்தால் ஃபார்வர்ட் பாஸ். கையில் பட்டு நழுவி முன்னால் போனால் நாக்-ஆன். நியூசிலாந்தின் ஆரோன் ஸ்மித் வைத்த ட்ரை ரத்தானதும் இதனால்தான்: அதற்குச் சற்று முன் நடந்த நாக்-ஆனை வீடியோ நடுவர் கண்டுபிடித்தார்.

படி 3: ரக், மால்

நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. புதியவர்களுக்கு வெறும் ஆள் குவியலாகத் தெரிவதில்தான் பாதி ஆட்டம் நடக்கிறது.

பந்து வைத்திருப்பவரைப் பிடித்துக் கீழே சாய்ப்பது டேக்கிள். சாய்ந்தவர் பந்தை உடனே விட வேண்டும், சாய்த்தவர் அவரை விட வேண்டும். தரையில் கிடக்கும் பந்துக்கு மேலே இரு அணியினரும் நின்றபடி முட்டிக்கொண்டால் அது ரக். ரக் உருவான பிறகு பந்தில் புதிதாகக் கை வைக்கக்கூடாது. பக்கவாட்டில் நுழையவும் கூடாது, தன் அணியின் பின்பக்கமாகத்தான் வர வேண்டும். ரக்கில் இல்லாதவர்கள் தங்கள் அணியின் கடைசிக் காலுக்குப் பின்னால் நிற்க வேண்டும். முன்னால் நின்று ஆட்டத்தில் தலையிட்டால் ஆஃப்சைடு.

பந்து வைத்திருப்பவர் விழாமல் நிற்க, எதிரணி ஆளும் சொந்த அணி ஆளும் அவரைப் பற்றிக்கொண்டு தள்ளினால் மால். சந்தேகம் வந்தால் பந்து எங்கே என்று பாருங்கள். தரையில் என்றால் ரக், கையில் என்றால் மால்.

படி 4: ஸ்க்ரம், லைன்அவுட்

நாக்-ஆன் போன்ற சிறு தவறுக்குப் பின் எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தோள் கோத்துத் தள்ளுவது ஸ்க்ரம். பந்து பக்கக் கோட்டைத் தாண்டிப் போனால் லைன்அவுட்: இரு வரிசைக்கு நடுவே நேராக எறிவார்கள், தங்கள் ஆளை மேலே தூக்கி அந்தப் பந்தைப் பிடிப்பார்கள்.

படி 5: விசில்

தவறு நடந்தும் நடுவர் கையை நீட்டி ஆட்டத்தை ஓடவிட்டால் அது அட்வாண்டேஜ். பாதிக்கப்பட்ட அணிக்குப் பலன் கிடைக்கிறதா என்று பார்ப்பார். கிடைக்காவிட்டால் தவறு நடந்த இடத்துக்கே திரும்புவார்.

மஞ்சள் அட்டை என்றால் 10 நிமிடம் வெளியே. நியூசிலாந்து கேப்டன் சாம் கேன் எதிராளியின் தலையில் மோதி டேக்கிள் செய்ததால் முதலில் மஞ்சள் வாங்கினார். வீடியோவை மறுபடி பார்த்து அதைச் சிவப்பாக்கினார்கள். மீதி ஆட்டம் முழுவதையும் அவர் வெளியே உட்கார்ந்துதான் பார்த்தார்.