பிடி-எல்1 ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

மார்பகப் பயாப்ஸிகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. டிரிபிள் நெகட்டிவ் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன், ஹெர்2 ஏற்பிகள் மூன்றும் நெகட்டிவான மார்பகப் புற்று) என்று தெரிந்தபின் பிடி-எல்1 என்ற புரதத்துக்கான சோதனையும் வரும். வீட்டார் உடனே கேட்பது, "பாசிட்டிவா, நெகட்டிவா?" அதற்கு முன்னால் எந்த ஆன்டிபாடியால் (அந்தப் புரதத்தில் ஒட்டி அதைச் சாயத்தில் காட்டும் பொருள்) சோதித்தார்கள் என்று பாருங்கள்.

நம் நோய் எதிர்ப்பு செல்களில் ஒரு வகையான டி செல்களின் மேல் பிடி-1 என்ற ஏற்பி இருக்கிறது. 1992-இல் ஜப்பானின் டசுக்கு ஹோஞ்சோ குழுவினர் கண்டறிந்தது. புற்று செல் போன்றவற்றின் மேல் உள்ள பிடி-எல்1 அதில் ஒட்டினால் டி செல் அடங்கிவிடும். பெம்ப்ரோலிசுமாப் மருந்து பிடி-1-ஐப் பிடித்துக்கொண்டு அதைத் தடுக்கிறது.

ரிப்போர்ட்டில் 22சி3 என்ற ஆன்டிபாடி இருந்தால் பக்கத்தில் சிபிஎஸ் (கூட்டு மதிப்பெண்) எண் இருக்கும். சாயம் ஏறிய புற்று செல், லிம்போசைட், மேக்ரோஃபேஜ் மூன்றையும் கூட்டி, உயிருள்ள மொத்தப் புற்று செல்களால் வகுத்து, நூறால் பெருக்குவோம். 20 என்று வந்ததை நோய் 20 சதவீதம் பரவிவிட்டது என்று படித்து அழுத ஒரு மகளை எனக்குத் தெரியும். பரவலுக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. நோய் வேறு உறுப்புக்குப் போயிருந்தால், 10 அல்லது அதற்கு மேல் வந்தவர்களுக்குக் கீமோவுடன் பெம்ப்ரோலிசுமாப் மருந்தையும் யோசிப்பார்கள்.

எஸ்பி142 என்ற ஆன்டிபாடி என்றால் கணக்கே வேறு. அதில் சாயம் ஏறிய நோய் எதிர்ப்பு செல்கள் கட்டியின் பரப்பில் எவ்வளவு இடம் பிடித்திருக்கின்றன என்று மட்டும் பார்ப்போம், 1 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் பாசிட்டிவ். ஒரே கட்டி ஒன்றில் பாசிட்டிவாகவும் மற்றதில் நெகட்டிவாகவும் வரலாம். இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

அப்புறம் மாதிரியைப் பாருங்கள். 22சி3-க்கு உயிருள்ள புற்று செல் 100-ஆவது வேண்டும். எலும்பிலிருந்து எடுத்து அமிலத்தில் ஊறவைத்த துண்டு என்றால், அமிலம் புரதத்தைக் கெடுத்திருக்கலாம் என்பதால், நெகட்டிவ் முடிவை நான் முழுசாக நம்பமாட்டேன். வேறு இடத்துத் திசு இருக்கிறதா என்று கேளுங்கள்.

அறுவைக்கு முன் தரும் இம்யூனோதெரபி (பெம்ப்ரோலிசுமாப் போல நோய் எதிர்ப்பைத் தூண்டும் சிகிச்சை) என்றால் நெகட்டிவ் பார்த்து மனம் உடையாதீர்கள். இரண்டாம், மூன்றாம் கட்ட டிரிபிள் நெகட்டிவ் நோயாளிகளிடம் பெம்ப்ரோலிசுமாபை வைத்து நடந்த கீநோட்-522 ஆய்வில் பிடி-எல்1 இல்லாதவர்களுக்கும் பலன் தெரிந்தது.

மருத்துவமனை மாறினால் ரிப்போர்ட்டோடு பாரஃபின் பிளாக்கையும் (திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டி) கேட்டு வாங்குங்கள். வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள், மெழுகு உருகிவிடும்.