பரணில் போடுவதும் கைக்கெட்ட வைப்பதும்: லினக்ஸ் சர்வரில் நினைவக அடுக்குகளை அமைக்கும் முறை

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் நான் பராமரிக்கும் சர்வர்களில் ஒன்றில் ரேம் பொருத்தும் இடங்கள் எல்லாம் நிரம்பிய பிறகும் நினைவகம் போதாமல் போனபோது, இருந்த 256 ஜிபி டிடிஆர்5 ரேமுக்குத் துணையாக 128 ஜிபி கொண்ட சிஎக்ஸ்எல் நினைவக அட்டை (ரேம் இடங்களில் அல்லாமல், விரிவாக்க அட்டைகளுக்கான பிசிஐஇ இணைப்பு வழியே செயலியோடு சேரும் கூடுதல் நினைவகம்) ஒன்றைச் சேர்த்தோம். அட்டையைச் செருகி, சர்வரைக் கிளப்பி, மொத்தம் 384 ஜிபி என்று திரையில் கண்டதும் வேலை முடிந்தது என்று நினைத்து அன்று மாலை வீட்டுக்குப் போய்விட்டோம். மூன்றாம் நாள் காலையில், நினைவகம் கூடிய அதே சர்வர் முன்பைவிட மந்தமாக ஓடியது. அன்று கற்றுக்கொண்டதையும், அதன் பிறகு ஒவ்வொரு சர்வரிலும் நான் பின்பற்றும் வரிசையையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவுகள். செயலியுடன் நேரடியாக இணைந்த ரேமிலிருந்து ஒரு தரவை எடுக்க ஏறத்தாழ 100 நானோ நொடி ஆகிறது. சிஎக்ஸ்எல் வழியாக வரும் நினைவகத்தில் அது ஏறத்தாழ இரு மடங்கு, சில அட்டைகளில் அதற்கும் மேல். ரேம் போதாதபோது தரவை ஒதுக்கி வைக்க எஸ்எஸ்டியில் இருக்கும் ஸ்வாப் பகுதியிலிருந்து எடுப்பதென்றால் பல பத்தாயிரம் நானோ நொடிகள். ஆகவே சிஎக்ஸ்எல் நினைவகம் ரேமுக்கும் ஸ்வாப்புக்கும் நடுவில், ரேமுக்கு மிக அருகில் உட்கார்கிறது. சிறிய வேகச் சேமிப்பையும் பெரிய மெதுச் சேமிப்பையும் ஒன்றாகக் காட்டி, பக்கங்களை (நினைவகத்தின் சிறு துண்டுகளை) இயந்திரமே இடம் மாற்றும் எண்ணம் புதியதன்று. மான்செஸ்டரின் அட்லஸ் கணினி 1962லேயே காந்த வளைய நினைவகத்துக்கும் சுழலும் உருளைக்கும் இடையில் அதைச் செய்தது.

இயங்குதளத்தின் மையமான கெர்னல் செய்ய வேண்டிய வேலையை நம் வீட்டுச் சமையலறையில் பார்க்கலாம். கடுகும் சீரகமும் அஞ்சறைப்பெட்டியில் இருக்கின்றன. முறுக்கு உழக்கு பரணில் இருக்கிறது. அல்சூரில் நான் குடியிருக்கும் சிறிய வாடகை வீட்டில் மேடை முழுவதும் மூன்றடிதான் என்பதால், எதை மேலே போடுவது என்பது வாரந்தோறும் வரும் கேள்வி. தீபாவளிக்கு ஒருமுறை இறக்கிய உழக்கை அந்த ஒரு பயன்பாட்டுக்காக அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் நிரந்தரமாக வைத்துவிட்டால், மறுநாள் தாளிக்கக் கடுகைத் தேட வேண்டியிருக்கும். அடிக்கடி தொடப்படும் பக்கத்தைச் சூடானது என்றும், நெடுநேரம் தொடப்படாததை ஆறியது என்றும் சொல்வோம். ஆறியதை மெது நினைவகத்துக்கு அனுப்புவது கீழிறக்கம். அங்கே சூடாகிவிட்டதை வேக நினைவகத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது மேலேற்றம். லினக்ஸில் இவ்விரண்டும் தனித்தனி வசதிகளாக, தனித்தனிச் சுவிட்சுகளோடு இருக்கின்றன என்பதை மறந்ததே எங்கள் தவறு.

கெர்னலும் நோட்களும்

கீழிறக்கம் 5.15 கெர்னலில் வந்தது. அடுக்குகளுக்கான மேலேற்றம் 5.18இல் வந்தது, எந்த நினைவகம் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதை வெளிப்படையாகக் காட்டும் ஏற்பாடும், மேலேற்ற வேகத்துக்கான வரம்பும் 2022 டிசம்பரில் வெளியான 6.1இல் வந்தன. 6.1க்குக் கீழே இருக்கும் சர்வரில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் கெர்னலை மேம்படுத்துங்கள்.

சிஎக்ஸ்எல் நினைவகத்தை, சர்வரைக் கிளப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸ் சாதாரண ரேமாகவே கெர்னலிடம் ஒப்படைக்கலாம், அல்லது தனிப் பயனுக்கு என ஒதுக்கி டாக்ஸ் சாதனமாக (பொது ரேமில் சேராமல் தனியே நிற்கும் நினைவகமாக) தரலாம். எனக்கு இரண்டாவதே பிடிக்கும். எப்போது, எப்படிச் சேர்ப்பது என்பது நம் கையில் இருக்கிறது. டாக்ஸ்சிடிஎல் கட்டளையின் மறுகட்டமைப்பு வசதியைப் பயன்படுத்தி, அந்தச் சாதனத்தைச் சிஸ்டம் ரேம் என்ற முறைக்கு மாற்றினால், அது புதிய நியூமா நோடாக, அதாவது கெர்னல் தனியாகக் கணக்கு வைக்கும் நினைவகத் தொகுதியாகச் சேரும். இயல்பில் அது நகர்த்தக்கூடிய பகுதியாகச் சேர்க்கப்படுவதால், கெர்னல் தன் சொந்தத் தரவுக் கட்டமைப்புகளை அங்கே கொண்டுபோய் வைக்காது. பின்னாளில் அட்டையைக் கழற்றவும் வழி இருக்கும்.

இப்போது நியூமாசிடிஎல் கட்டளையில் வன்பொருள் விவரத்தைக் கேளுங்கள். நோட் 0க்கு எதிரே செயலிக் கருக்களின் பட்டியலும், நோட் 1க்கு எதிரே வெறும் நினைவக அளவும் தெரிய வேண்டும். கருக்கள் இல்லாத நோட்தான் நம் பரண். அடுத்து, கெர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ் கோப்பு முறைமையில் டிவைசஸ், விர்ச்சுவல் ஆகியவற்றின் உள்ளே மெமரி டியரிங் என்ற கோப்பகத்தைத் திறந்து பாருங்கள். வழக்கமாக ரேம் 4 எண் அடுக்கிலும், டாக்ஸ் வழியாகச் சேர்ந்த நினைவகம் 22 எண் அடுக்கிலும் இருக்கும். வன்பொருள் தன் வேகத்தைத் தானே அறிவித்தால் இரண்டாம் எண் மாறலாம். எண் சிறியதாக இருந்தால் வேகம் அதிகம் என்று பொருள். இரண்டு நோட்களும் ஒரே அடுக்கில் இருப்பதாகக் காட்டினால் அங்கேயே நின்றுவிடுங்கள்; கெர்னலின் கண்ணில் இரண்டும் சமம், எனவே அவற்றுக்கிடையே கீழிறக்கம் நடக்காது.

இரண்டு சுவிட்சுகள்

கீழிறக்கத்துக்கான சுவிட்ச் சிஸ் கோப்பு முறைமையில் கெர்னல், எம்எம், நியூமா என்று அடுத்தடுத்து இறங்கினால் டிமோஷன் எனேபிள்ட் என்ற பெயரில் கிடைக்கும். இயல்பில் அது அணைந்திருக்கும். 1 என்று எழுதினால் இயங்கும். அதன் பிறகு வேக நோடில் இடம் குறையும்போது, பின்னணியில் நினைவகத்தை ஒழித்துத் தரும் கெர்னல் வேலையான கேஸ்வாப்டி, ஆறிய பக்கங்களைத் தூக்கி எறிவதற்கோ ஸ்வாப்பில் எழுதுவதற்கோ முன்பாக அவற்றை மெது நோடுக்கு நகர்த்தும். மெது நோடும் நிரம்பினால் அங்கிருந்து போகும் இடம் ஸ்வாப்தான். அதனால் புதிய அட்டை வந்துவிட்டதே என்று ஸ்வாப்பை அகற்றிவிடாதீர்கள்.

மேலேற்றத்துக்கான சுவிட்ச், கெர்னல் அளவுருக்களை மாற்றும் சிஸ்சிடிஎல் கட்டளை வழியாக அமைக்கும் கெர்னல் நியூமா பேலன்சிங் என்ற அளவுரு. 0 என்றால் அணைப்பு. 1 என்றால் சாக்கெட்டுகளுக்கிடையே (செயலிகள் பொருந்தும் இடங்களுக்கிடையே) பக்கங்களைச் சமன்படுத்தும் பழைய முறை. 2 என்றால் நினைவக அடுக்கு முறை. ஒரே சாக்கெட் உள்ள சர்வருக்கு 2 போதும். இரண்டு சாக்கெட்டும் சிஎக்ஸ்எல்லும் சேர்ந்திருந்தால் இரண்டையும் கூட்டி 3 என்று கொடுக்கலாம். எங்கள் சர்வரில் கீழிறக்கம் இயங்கிக்கொண்டிருந்தது, ஆனால் இந்த அளவுரு 1இல் இருந்தது. 1இல் இருந்தால் வேக நோடில் காலி இடம் இருக்கும்போது மட்டுமே பக்கம் மேலே வரும். 2இல் மட்டும்தான், மேலே இடம் இல்லையென்றால் கேஸ்வாப்டியை எழுப்பி ஆறியதைக் கீழே தள்ளி இடம் உண்டாக்கும் ஏற்பாடு இருக்கிறது. நிரம்பி வழியும் சர்வரில் காலி இடத்துக்காகக் காத்திருப்பது எவ்வளவு பயன் தரும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த மூன்றாம் நாள் காலை நடந்தது இதுதான். இரவு 2 மணிக்குப் பேக்கப் வேலை தொடங்கி, தரவுத்தளத்தின் கோப்புகளை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை படித்தது. படித்தவை எல்லாம் கோப்புத் தற்காலிகச் சேமிப்பாக வேக நோடில் குவிந்தன. அந்த நேரத்தில் யாரும் பயன்படுத்தாத தரவுத்தளப் பக்கங்கள் ஆறியவையாகத் தெரிந்ததால் மெது நோடுக்கு இறக்கப்பட்டன. காலையில் பயனர்கள் வந்தபோது அவை மேலே ஏற வழியில்லை. திருநெல்வேலியிலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த தம்பி ஒருவர் திரையைக் காட்டி, “அண்ணா, சிபியு தொண்ணூறுல நிக்குது, டிஸ்க்ல ஒண்ணுமே இல்ல, ஸ்வாப்பும் தொடல. ஆனா ஒரு குவெரிகூட நகர மாட்டேங்குது” என்றார். தரவுத்தள அமைப்புகளை மாற்றியும், குறியீட்டைச் சந்தேகித்தும் அரை நாள் வீணானது.

அவர் சொன்ன அடையாளத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் அதுவே. ஸ்வாப் மந்தமானால் செயல்முறை தூங்கப் போகிறது. உள்ளீட்டுக் காத்திருப்பு ஏறுகிறது. நினைவக அழுத்தம் காட்டும் பிஎஸ்ஐ எண்களும் ஏறுகின்றன. மெது நினைவகம் மந்தமானால் இவற்றில் எதுவும் நடப்பதில்லை. செயலி ஒரு தரவைக் கேட்டுவிட்டு அதே இடத்தில் நிற்கிறது. இயங்குதளத்தின் கணக்கில் அந்த நிற்றலும் உழைப்புதான். ஆகவே டாப் திரையில் தெரிவது வெறும் சிபியு நெருக்கடி. கூடுதல் கருக்கள் வாங்கலாம் என்று யாராவது சொல்வதற்குள், நியூமாஸ்டாட் கட்டளையில் அந்தச் செயல்முறையின் எண்ணைக் கொடுத்து, அதன் நினைவகம் எந்த நோடில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் தரவுத்தளத்தில் பாதிக்கும் மேல் நோட் 1இல் கிடந்தது.

ஏறி இறங்கும் வேகம்

அளவுருவை 2 ஆக்கியதும் நிலைமை சீரானது. ஆனாலும் மறுநாள் இரவு அதே நாடகம் அரங்கேறி, காலையில் பல ஜிபி மீண்டும் மேலே ஏறிக்கொண்டிருந்தது. இதற்கு மருந்து பேக்கப்பைத் திருத்துவது. நியூமாசிடிஎல்லின் மெம்பைண்ட் தெரிவில் நோட் 1ஐக் கொடுத்து அதன் வழியே பேக்கப்பை இயக்கினால், அது படிக்கும் கோப்புகளும் மெது நோடிலேயே தங்கும். ஒருமுறை மட்டும் படிக்கப்படும் தரவுக்கு இரு மடங்குத் தாமதம் ஒரு பொருட்டன்று. நோட் 1 முழுவதும் மற்றவர்களின் பக்கங்களால் நிரம்பி, ஸ்வாப்பும் இல்லாமல் இருந்தால், அங்கே கட்டிப்போடப்பட்ட வேலை நினைவகமின்றிக் கொல்லப்படும் அபாயம் உண்டு. ஸ்வாப்பை வைத்திருக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

மேலேற்றம் சூட்டை எப்படி அளக்கிறது என்று தெரிந்தால் அதன் குறைகளும் புரியும். கெர்னல் மெது நோடில் உள்ள பக்கங்களின் அணுகல் அனுமதியை அவ்வப்போது தற்காலிகமாக நீக்கி வைக்கிறது. நிரல் அந்தப் பக்கத்தைத் தொடும்போது ஒரு சிறு இடையூறு எழுகிறது. நீக்கியதற்கும் தொட்டதற்கும் இடைப்பட்ட நேரம் குறைவாக இருந்தால் பக்கம் சூடானது என்று தீர்மானிக்கிறது. இதற்கான தொடக்க வரம்பு 1 நொடி. பிறகு நிலைமைக்கேற்பக் கெர்னலே அதைத் திருத்திக்கொள்கிறது. இந்த அளவீட்டுக்குள் நிரலின் முகவரி வெளியோடு இணைக்கப்பட்ட பக்கங்கள் மட்டுமே வருகின்றன. ரீட் அழைப்பு மூலம் படிக்கப்படும் கோப்புப் பக்கங்கள் எத்தனை முறை படிக்கப்பட்டாலும் இவ்வழியில் சூடானவையாகத் தெரிவதில்லை. கோப்புச் சேமிப்பை நம்பி ஓடும் தரவுத்தளங்களை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மேலேற்ற வேக வரம்பு நியூமா பேலன்சிங் பெயரோடு தொடங்கும் இன்னொரு சிஸ்சிடிஎல் அளவுரு. அதன் இயல்பு மதிப்பு நொடிக்கு 65,536 எம்பி, அதாவது 64 ஜிபி. பிசிஐஇ 5.0இல் எட்டு இழைகள் கொண்ட அட்டையால் ஒரு திசையில் நொடிக்கு ஏறத்தாழ 32 ஜிபிதான் கடத்த முடியும் என்பதால், இந்த வரம்பு நடைமுறையில் வரம்பே இல்லை. நான் 2,048இல் தொடங்கி, பயன்பாட்டின் மறுமொழி நேரத்தைப் பார்த்துத்தான் உயர்த்துகிறேன். காலையில் சூடேற இரண்டு நிமிடம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை. பக்கங்களை நகர்த்துவதே நிரலுக்கு வேண்டிய அலைவரிசையை (தரவு கடத்தும் திறனை) தின்றுவிடக் கூடாது.

கண்காணிப்புக்கு ப்ராக் கோப்பு முறைமையின் விஎம்ஸ்டாட் கோப்பு போதும். பிஜிடிமோட் என்று தொடங்கும் எண்கள் கீழிறங்கியவற்றையும், பிஜிப்ரொமோட் சக்சஸ் என்ற எண் மேலேறியவற்றையும் சொல்கின்றன. இவை சர்வர் கிளம்பியதிலிருந்து கூடிக்கொண்டே வருபவை. நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து வித்தியாசத்தைக் கணக்கிட வேண்டும். கேஸ்வாப்டியின் பெயரில் உள்ள கீழிறக்க எண் ஏறினால் கவலையில்லை, அது பின்னணி வேலை. டைரக்ட் என்ற பெயரில் உள்ளது ஏறினால், நினைவகம் கேட்ட நிரலே நின்று இடம் ஒழித்துக்கொடுக்கிறது என்று பொருள். அப்போது வாட்டர்மார்க் ஸ்கேல் ஃபேக்டரை இயல்பு மதிப்பான 10இலிருந்து, அதாவது 0.1 விழுக்காட்டிலிருந்து, சற்று உயர்த்தினால் கேஸ்வாப்டி முன்கூட்டியே விழித்துக்கொள்ளும். சுமை சீராக இருக்கும் நண்பகலில் ஏற்றமும் இறக்கமும் ஒரே அளவில், இரண்டுமே அதிகமாக நடந்துகொண்டிருந்தால், சூடான தரவு வேக நோடின் கொள்ளளவைத் தாண்டிவிட்டது. அதை எந்தச் சுவிட்சும் தீர்க்காது. வேலைகளில் ஒன்றை வேறு சர்வருக்கு மாற்ற வேண்டியதுதான்.

செயல்முறைகளைக் குழுக்களாக்கி வரம்பிடும் சிகுரூப் வசதியை வைத்து நினைவகத்தைப் பங்கிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: உச்ச வரம்பு இரண்டு அடுக்குகளையும் கூட்டித்தான் எண்ணப்படுகிறது. 40 ஜிபி வரம்புள்ள ஒரு குழுவின் பக்கங்கள் முழுவதும் பரணுக்குப் போனாலும் அதன் கணக்கில் ஒரு பைட்கூடக் குறையாது. தாமதத்தைவிட அலைவரிசையே சிக்கலாக உள்ள கணிப்பு வேலைகளுக்கு, பக்கங்களை எடைக்கேற்ப இரு நோட்களிலும் பரப்பி வைக்கும் வசதி 6.9 கெர்னலில் இருக்கிறது. அது வேறு விளையாட்டு, அதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

அட்டை கையில் இல்லாதவர்கள் பழகிப் பார்க்க, கெர்னல் தொடக்க அளவுருவான மெம்மேப் மூலம் சாதாரண ரேமில் சில ஜிபியை நிலை நினைவகம் (மின்சாரம் போனாலும் தரவு அழியாத நினைவகம்) போல ஒதுக்கி, என்டிசிடிஎல் கட்டளை கொண்டு டாக்ஸ் சாதனமாக்கி, மேலே சொன்ன அதே வழியில் சேர்க்கலாம். இரண்டும் ஒரே ரேம் என்பதால் வேக வித்தியாசம் தெரியாது; அது தனி நோடாகச் சேர்ந்தால் மட்டுமே அடுக்கு எண்கள், கீழிறக்கம், மேலேற்றம் எல்லாவற்றையும் பார்க்க முடியும்.

கடைசியாக, சிஸ் கோப்பு முறைமையில் எழுதிய எதுவும் சர்வரை மறுபடி கிளப்பினால் நிலைக்காது. நியூமா பேலன்சிங் அளவுருவையும் வேக வரம்பையும் சிஸ்சிடிஎல் அமைப்புக் கோப்பில் எழுதிவிடலாம். கீழிறக்கச் சுவிட்சுக்கும் டாக்ஸ் மாற்றத்துக்கும், சர்வர் கிளம்பும்போது தானே ஓடும் ஒரு சிஸ்டம்டி சேவை எழுதி, அது தரவுத்தளச் சேவைக்கு முன்பாக ஓடும்படி வரிசைப்படுத்துங்கள். பிறகு ஒருமுறை சர்வரை வேண்டுமென்றே மறுதொடக்கம் செய்து, அடுக்கு எண்கள், இரண்டு சுவிட்சுகள், வேக வரம்பு ஆகியவற்றை மீண்டும் படித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.