மாதச் சந்தா எங்கே ஏறுகிறது?

ஏற்காடு அடிவாரத்தில், கன்னங்குறிச்சிப் பக்கம், 12 குடும்பம் சேர்ந்து இடம் வாங்கி வீடு கட்டினோம். வீடு தனித்தனி, சமையற்கட்டும் சாப்பாட்டுக் கூடமும் பொது. கணக்கு நோட்டு மூன்று வருடமாக என்னிடம். இப்படிச் சேர்ந்து வாழப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கரன்ட் பில்லையும் வாட்ச்மேன் சம்பளத்தையும் கூட்டி, 12ஆல் வகுத்து, அதையே ஒரு வீட்டின் மாதச் சந்தா என்று வைத்துவிடாதீர்கள். நாங்கள் அப்படித்தான் 1,500 என்று ஆரம்பித்தோம். ஏழாவது மாதம் போர் மோட்டாரில் காயில் எரிந்தது. 800 அடியிலிருந்து குழாயோடு மோட்டாரைத் தூக்கி, காயில் கட்டி, திரும்ப இறக்க 22,000. அதுவரை லாரித் தண்ணீர் 14,000. திடீரென்று வீட்டுக்கு 3,000 கேட்டால் யார் முகம் கொடுத்துப் பேசுவார்கள்?

அதனால் முதலில் எது எது கெடும், எத்தனை வருடத்தில் கெடும் என்று எழுதுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட், மூன்று லட்சம் என்றால், 60 மாதம், 12 வீடு: வீட்டுக்கு மாதம் 417. மோட்டார், தண்ணீர்த் தொட்டி, மாடித் தளம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். இந்தப் பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்கட்டும். பொங்கல் விழாவுக்கு அதில் கை வைக்கக் கூடாது.

அப்புறம் சமையல். முறை வைத்துச் சமைத்தவரை செலவில்லை. ஆளாளுக்கு வேலை வந்து முறை தவறியதும் சமையல்காரம்மாவை வைத்தோம், சம்பளம் 12,000. "நாங்க ராத்திரி கஞ்சிதான் குடிக்கிறோம், எங்களுக்கும் ஆயிரமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயம்தானே? இப்போது பாதிச் சம்பளம் வீட்டுக்கு 500, மீதி யார் எத்தனை வேளை சாப்பிட்டார்களோ அதன்படி. மளிகையும் அப்படியே.

பொது விளக்கு, மோட்டார் கரன்ட்டுக்குத் தனி மீட்டர். 2023ல் 10 வீட்டுக்கு மிகாத, மூன்று மாடிக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புக்குப் பொது மின்கட்டணத்தை யூனிட் 5.50 ஆகக் குறைத்தார்கள். இரண்டு வீடு கூடுதலாகக் கட்டிய எங்களுக்கு அது இல்லை. ஜிஎஸ்டி பயம் வேண்டாம். சந்தா வீட்டுக்கு மாதம் 7,500ஐத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் அந்த வரி.

தோட்டமும் கூடம் கழுவுவதும் இன்னும் எங்கள் கையில், ஞாயிறு காலை ஆறரைக்கு. வராதவர்களிடம் 200 வாங்கலாம் என்றார் ஒருவர். வேண்டாம் என்றேன். 200 கொடுத்துவிட்டுத் தூங்க 12 வீடும் தயார்.