சமைத்து உறைய வைப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கு இரண்டு கணக்கு உண்டு. அன்றைய மதியச் சாப்பாடு ஒன்று. ஷிப்டு வேலைக்குப் போகும் வாரநாள்களுக்கும், கோலாலம்பூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைக்குமாக டப்பாக்களில் போட்டு உறைய வைப்பது இன்னொன்று. கடையில் தாப்பாவ், அதாவது பொட்டலச் சாப்பாடு, வாங்குவதைவிடச் செலவு குறைவு. எண்ணெயும் உப்பும் நம் கையில். ஆனால் புதன்கிழமை டப்பாவைத் திறந்தால் திரிந்த குழம்பும் மாவாக உதிரும் உருளைக்கிழங்கும். பழி பிரீசர் மேல் விழுகிறது. பெரும்பாலும் தப்பு அதற்கு முன்னாலேயே நடந்து முடிந்திருக்கும்.

"நல்லா ஆறட்டும்" என்று பெரிய சட்டியைச் சாயங்காலம் வரை அடுப்பிலேயே மூடி வைப்பதுதான் இருப்பதிலேயே மோசம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடக்கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். நம் மத்தியான வெயிலுக்கு 32 ஒரு பெரிய விஷயமா? உறைய வைத்தால் கிருமி சாகாது, பெருகாமல் நிற்கும், அவ்வளவுதான். சோற்றில் இன்னும் கவனம் தேவை. வெந்த பிறகும் பிழைத்துக் கிடக்கும் ஒரு கிருமி, வெளியில் கிடக்கும் சோற்றில் நஞ்சை உண்டாக்கும். மறுபடி சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

அதற்காகக் கொதிக்கக் கொதிக்க பிரீசருக்குள் தள்ளவும் கூடாது. பக்கத்தில் இருக்கும் பொருள்கள் இளகிவிடும். கறியை அகலமான தட்டுகளில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, ஐஸ் போட்ட தண்ணீரில் தட்டை வைத்துக் கிளறிவிடுங்கள். சீக்கிரம் ஆறிவிடும்.

அப்புறம் சந்தான், அதாவது தேங்காய்ப் பால். அது உறைந்து இளகும்போது தண்ணீரும் கொழுப்பும் பிரிந்துவிடும். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் பார்த்தாலே பசி போய்விடும். கோழிக் கறியா, பால் ஊற்றுவதற்கு முன்பே பங்கை எடுத்து வையுங்கள். சுட வைக்கும் அன்றைக்குப் பால் விட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கலாம். உருளைக்கிழங்கையும் அன்றைக்கே போடுங்கள். முட்டைச் சம்பல் என்றால் சம்பலை மட்டும் உறைய வையுங்கள்; வெள்ளைக் கரு ரப்பர் மாதிரி ஆகிவிடும். வெண்டைக்காய், கத்தரிக்காய் போட்ட சாம்பாரை உறைய வைத்தாலோ காய் குழைந்துவிடும். தாளிப்பும் அன்றைக்குச் செய்தால்தான் மணக்கும். என்னைக் கேட்டால், பிரீசருக்கென்றே பிறந்தவை ஆட்டிறைச்சிப் பிரட்டல், வெந்த பருப்பு, நன்றாக எண்ணெய் பிரிய வதக்கிய சம்பல், இட்லி.

டப்பாவை விளிம்புவரை நிரப்பாதீர்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு பெருகும், மூடி தெறிக்கும். ஒரு வேளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவாகப் பிரித்து, பையில் தட்டையாகப் படுக்க வைத்தால் இடமும் மிச்சம், சீக்கிரமும் இளகும். பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். உறைந்த பிறகு மீன் குழம்பும் சாம்பாரும் ஒரே முகம்தான்.

பழைய ஒற்றைக் கதவு ஐஸ்பெட்டி வைத்திருப்பவர்கள், மேலே உள்ள சின்ன அறையில் எத்தனை நட்சத்திரம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒன்று என்றால் −6 டிகிரி, ஒரு வாரம்தான் தாங்கும். இரண்டு என்றால் −12, ஒரு மாதம். மூன்று என்றால் −18, மூன்று மாதம். ஒற்றை நட்சத்திரப் பெட்டியில் தீபாவளிக் கறியைத் தைப்பூசம் வரை வைக்க நினைப்பது வீண் ஆசை.

இளக வைப்பதும் மேசை மேல் வேண்டாம். முதல் நாள் இரவே ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். சுட வைக்கும்போது நடுவிலும் ஆவி பறக்கக் கொதிக்கட்டும். வெதுவெதுப்பு போதாது.

சாயங்கால இடிமழையில் கரண்டு போனால், உள்ளே எப்படி இருக்கிறது என்று கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். நிறைந்த பிரீசர் மூடியே இருந்தால் சுமார் 48 மணி நேரம் குளிர் காக்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். கரண்டு வந்த பிறகும் கறியில் ஐஸ் துகள் இருந்தால் மறுபடி உறைய வைக்கலாம். முழுக்க இளகி, வெதுவெதுப்பாகவும் ஆகிவிட்டதென்றால் ஆட்டிறைச்சி விலையை நினைக்காமல் கொட்டிவிடுங்கள்.