ரிவெட்டுக்கு அடியில மறைஞ்சிருக்கற கிராக்கை ஸ்க்விட் சென்சார் வெச்சு தேடுறது எப்படி

ரெண்டு அலுமினிய தகடு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ரிவெட் அடிச்ச இடத்துல, அடித்தகட்டு ஓட்டையோட ஓரத்துல மயிரிழை மாதிரி கிராக் கிளம்பும், மேல இருந்து பாத்தா பெயிண்ட் பளபளன்னுதான் இருக்கும். 1988ல அலோஹா ஏர்லைன்ஸ் 737க்கு 24,000 அடி உயரத்துல கூரையே பிச்சிக்கிட்டு போனது ரிவெட் வரிசையில ஆரம்பிச்ச கிராக்காலதான். அதனால இந்த வேலைய அவசரப்பட்டு செய்யவே கூடாதுங்க.

முறை இதுதான்: காயில்ல மாறிக்கிட்டே இருக்கற கரண்ட் விட்டா தகட்டுக்குள்ள எடி கரண்ட், அதாவது சுழல் மின்னோட்டம் ஓடும். கிராக் அதை வளைச்சு விடும், அதனால மாறுற காந்தப்புலத்தை ஸ்க்விட்ங்கற, குளிர வெச்ச மீகடத்தி சென்சார் புடிக்கும். மொதல்ல காயிலுக்கு குடுக்கற ஃப்ரீக்வென்சி, முக்கால்வாசி விஷயம் இதுலதான். 10 கிலோஹெர்ட்ஸ் குடுத்தா விமான அலுமினியத்துல எடி கரண்ட் சுமார் 1 மில்லிமீட்டர்லயே தேஞ்சிடும், 100 ஹெர்ட்ஸுக்கு எறக்குனா 10 மில்லிமீட்டர் தாண்டி போகும். அப்ப ஸ்க்விட் இல்லாத சாதா எடி கரண்ட் ப்ரோபுலயே ஃப்ரீக்வென்சியை எறக்கிடலாமேன்னா, அதுல அளக்கற காயில் காந்தப்புலம் மாறுற வேகத்தைத்தான் வோல்டேஜா குடுக்கும், ஃப்ரீக்வென்சி கொறைஞ்சா சிக்னலும் படுத்துடும். ஸ்க்விட் புலத்தையே நேரா அளக்குது, பூமியோட காந்தப்புலத்துல கோடியில ஒரு பங்கு அசைஞ்சாலும் புடிச்சிடும்.

ஒய்பிசிஓங்கற (YBCO) மீகடத்தியில செஞ்ச ஸ்க்விட் சென்சார்னா திரவ நைட்ரஜன் போதும், மைனஸ் 196 டிகிரி. ஊத்துனதும் தளதளன்னு கொதிக்கும், அது அடங்குற வரைக்கும் பொறுங்க. குளிரும்போது பக்கத்துல காந்தம் எதுவும் வேணாம், காந்தப்புலம் (ஃப்ளக்ஸ்) சென்சாருக்குள்ள மாட்டிக்கிட்டா நாய்ஸ் ஏறிடும், திரும்ப சூடாக்கி மொதல்ல இருந்து வரணும். மூடுன ரூம்ல ஊத்தவே ஊத்தாதீங்க, ஆக்சிஜன் கொறையறது நமக்கு தெரியாது, நேரா மயக்கம்தான்.

கரண்ட் விடுற காயில் டபுள்-டி ஷேப்ல, அதாவது ரெண்டு D எழுத்தை முதுகோட முதுகா வெச்ச மாதிரி இருக்கட்டும், ரெண்டு பாதியும் எதிரெதிரா சுத்துறதால சென்சார் இருக்கற எடத்துல நேர் புலம் கேன்சல் ஆகும், பழுது இல்லாத எடத்துல வெச்சு ஜீரோ பண்ணிக்கங்க.

அடுத்து அதே அலாய், அதே தடிமன்ல, அடித்தகட்டுல அளவு தெரிஞ்ச வெட்டு போட்ட சாம்பிள் ஒண்ணு மேல ஓட்டிப் பாருங்க. இது இல்லாம விமானத்துக்கிட்ட போகாதீங்க! லாக்-இன்ல (நாம குடுத்த ஃப்ரீக்வென்சி சிக்னலை மட்டும் பிரிச்செடுக்கற கருவி) ஃபேஸை, அதாவது அலையோட கட்டத்தை திருப்பி, ப்ரோப் மேல கீழ ஆடுற சிக்னலை ஒரு சேனல்ல தள்ளிட்டு மத்ததை பாருங்க.

இப்ப ரிவெட் வரிசை மேல மெதுவா நகத்துங்க. நல்ல ரிவெட்னா சிக்னல் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், கிராக் இருந்தா ஒரு பக்கம் இழுத்த மாதிரி கோணிக்கும். ஸ்டீல் ஃபாஸ்ட்னர்னா (தகட்டை இணைக்கற ரிவெட், போல்ட்) கிராக் இல்லாமலே தானே பெருசா சிக்னல் குடுக்கும், அதை பக்கத்து ஃபாஸ்ட்னரோட ஒப்பிட்டுத்தான் முடிவு பண்ணணும். ஜெர்மனியில ஜூலிஷ் ஆராய்ச்சி மையத்துக்காரங்க இதே முறையில விமான சக்கரத்தை சுத்த விட்டு, வெளிப்பக்கமா இருந்தே உள்பக்க கிராக்கை தேடிருக்காங்க.

ஒரு ஸ்கேனோட விட்டுடாதீங்க. கரண்ட் ஓடுற திசையிலயே கிராக் படுத்திருந்தா அது தெரியாது, காயிலை 90 டிகிரி திருப்பி இன்னொரு தடவை ஓட்டுங்க. ரெண்டுல எந்த ஸ்கேன்ல கோணுச்சுன்னாலும் அந்த ரிவெட்டை கழட்டி ஓட்டைக்குள்ள ப்ரோப் விட்டு பாத்துடுங்க.