தடைக்காலப் பணம் வேண்டுமா? பாஸ்புக்கை மழைக்காலத்திலேயே தேடுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. மீன் முட்டையிடும் காலம். 2001இல் 45 நாளாக வந்த தடை, 2017இல் 61 நாளானது. இதற்காகக் கடலோர மீனவக் குடும்பத்துக்கு அரசு 8,000 ரூபாய் தருகிறது. பாம்பனில் எங்கள் தெருக்காரர்களுக்குப் படிவம் எழுதிக் கொடுப்பவள் நான். பணம் யாருக்கு வரும், யாருக்கு நிற்கும் என்பது தடை தொடங்குவதற்கு வெகு முன்பே தெரிந்துவிடும்.

முதலில் ரேஷன் கார்டு. நிவாரணம் ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. மகனுக்குக் கல்யாணமாகித் தனி உலை வைத்தாலும், பெயர் அப்பா கார்டிலேயே இருந்தால் இரண்டு வீட்டுக்கும் ஒரே 8,000தான். பெயரை நீக்கிப் புதுக் கார்டு வாங்க நாளாகும். கடல் கொந்தளித்து வீட்டில் இருக்கும் மழைக்காலத்திலேயே அலைந்து முடித்துவிடுங்கள்.

அடுத்து பாஸ்புக். ஆதாரில் 'அந்தோணியம்மாள்', பாஸ்புக்கில் 'அந்தோணி அம்மாள்', மீனவர் கூட்டுறவுச் சங்கப் பதிவேட்டில் வெறும் 'அந்தோணி'. நமக்கு மூன்றும் ஒரே அக்காதான், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள், இனிஷியல் உட்பட. வருடக்கணக்கில் தொடாத கணக்கு என்றால் நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள், உயிரோடு இருக்கிறதா என்று தெரியும்.

அப்புறம் சேமிப்பு நிவாரணத் திட்டம். நான் எல்லோரையும் நச்சரிப்பது இதற்குத்தான். நீங்கள் தவணையாக 1,500 ரூபாய் கட்டினால், அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தருகிறது. எந்தச் சீட்டு இப்படித் தரும்? கூட்டுறவுச் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும், வயது 18 முதல் 60. பெண்களுக்குத் தனித் திட்டம் உண்டு. மீன் விற்கிற, கருவாடு போடுகிற அக்காமார் பலர் வீட்டுக்காரர் பெயரில் கட்டினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். போதாது, உங்கள் பெயரிலும் சேருங்கள். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கேட்டு வாங்குங்கள்.

படகு முதலாளிகளுக்குத் தடைக்காலத்தில் இன்னொரு வேலை உண்டு: மீன்வளத்துறை ஆய்வு. பதிவுச் சான்று, உரிமம், லைஃப் ஜாக்கெட் எல்லாம் பார்ப்பார்கள். அன்று படகைக் காட்டாவிட்டால் மானிய டீசல் நின்றுபோகும். இழுவலையின் மடி, அதாவது மீன் சேரும் வால் பகுதியில், கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அதைவிடச் சிறிய கண்ணியில் அள்ளுகிற குஞ்சு, சங்காயமாக, அதாவது விலைபோகாத கழிவு மீனாக, கோழித்தீவனத்துக்குத்தான் போகும். இரண்டு மாதம் வளரவிட்டதை இரண்டே வாரத்தில் அரித்தெடுக்கவா தடை?

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 8,000ஐ 61 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய். படகு வைத்திருப்பவர் வீட்டுக்கும் அதுதான், அவரிடம் கூலிக்குப் போகிறவர் வீட்டுக்கும் அதுதான். படகுக்காரருக்கு டீசல் மானியமும் உண்டு. மீனை விட்டுவைத்த கூலிக்காரருக்கு 131 ரூபாய். இந்தத் தொகையை உயர்த்தித் தரச் சொல்லிக் கேட்க வேண்டியது நாம்தான்.

சரி, பக்கத்து வீட்டுக்குப் பணம் வந்து உங்களுக்கு வரவில்லையா? முதலில் வங்கியில் கேளுங்கள். அங்கே வரவில்லை என்றால் மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். அதற்கும் பதில் இல்லாவிட்டால் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்துக்கு அந்த நகலோடு போங்கள்.